பாட்ரீசியா வாய் மூடியிருந்த காலம்

மலாக்காவில் நியாலாஸ் பக்கத்துச் செராயா ரப்பர் தோட்டத்தில் பாட்ரீசியாவின் வாயைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பால்மரம் வெட்டும் சவரியப்பனின் மூத்த மகள் அவள். அப்போது பதின்மூன்று வயது. யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அந்தக் குரலும் இழுப்பும் அப்படியே அவள் வாய்க்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை பூசை வைக்க வரும் சாமியார் மூக்கால் பேசுவதைச் செய்து காட்டுவாள். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில், வேலை வாங்கும் தண்டல் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவதைச் செய்து காட்டுவாள். எல்லாவற்றையும்விட நன்றாக வருவது துரையம்மா தமிழ் பேசுவது. வெள்ளைக்காரத் துரையின் மனைவி தொழிலாளர் லயத்துப் பக்கம் வந்தால், கூடவே வரும் நாயையும் எதிரில் நிற்கும் பிள்ளையையும் ஒரே மூச்சில் விசாரிப்பாள்: "ஏய் குட்டி, நாய் சாப்ட்டாச்? நீ சாப்ட்டாச்?" பாட்ரீசியா இதைச் சொல்லிக் காட்டினால் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "இவ வாய்க்குப் பூட்டு போட ஆள் பிறக்கல" என்பாள் அம்மா அக்னஸ்.

அவசரகாலச் சட்டம் வந்து மூன்றாவது ஆண்டு அது. காட்டோரம் தனித்தனியாகக் கிடந்த மூன்று லயங்களையும் பிரித்து, ஆபீசுக்கு அருகில் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு. வீடுகள் போதாததால் ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். சவரியப்பன் வீட்டின் மறுபாதி முனுசாமிக்கும் முத்தாயிக்கும் போனது. நடுவில் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்த திரை. அந்தத் திரையை எந்நேரமும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வருவாள் முத்தாயியின் மகள் ஜெயா. ஐந்து வயது. பாட்ரீசியா என்று சொல்ல நாக்கு வளையாது. "பத்சியாக்கா, துரையம்மா மாதிரி பேசு" என்பதுதான் காலையில் அவள் முதல் பேச்சு.

அவ்வளவு நெருக்கத்தில் ஒரு வீட்டு இருமல் பத்து வீட்டுக்குப் போகும். அந்த ஆண்டு மழை பிடித்தபோது பாட்ரீசியாவின் தம்பி யூஜினுக்குத் தொண்டை வலித்தது. ஏழு வயதுப் பையன். சாதாரணச் சளி என்று அக்னஸ் கசாயம் கொடுத்தாள். இரண்டு நாளில் கழுத்து வீங்கி, மூச்சு விடும்போது சீட்டி அடிப்பது போலச் சத்தம் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் கணேசமூர்த்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. தொண்டை அடைப்பான். யூஜினை அன்றைக்கே லாரியில் மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி சரியான நேரத்தில் விழுந்ததால் பையன் தப்பித்தான். அதே வாரத்தில் இன்னும் மூன்று பிள்ளைகள் படுத்தார்கள்.

சுகாதார இலாகா டாக்டர் வந்து, எல்லாப் பிள்ளைகளின் தொண்டையிலும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். சில நாளில் முடிவு வந்தது. பதினொரு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் தொண்டையில் கிருமி இருக்கிறது. அவர்களைத் தனியாக வைக்க வேண்டும். வேலிக்குள் ஒரு மூலைகூடக் காலியாக இல்லை. வேலிக்கு வெளியே, கான்ஸ்டபிள்களின் கொட்டகைக்குப் பக்கத்தில் பழைய பள்ளிக்கூடம் இருந்தது. அதைச் சுற்றி இன்னொரு வேலி போட்டு, பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். பதினொரு பேரில் மூத்தவள் பாட்ரீசியா. இளையவள் ஜெயா.

முதலில் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. பாடம் இல்லை, தண்ணீர் தூக்கும் வேலை இல்லை. சாப்பாடு கான்ஸ்டபிள் கொட்டகையிலிருந்து வந்தது. பிள்ளைகளின் வாசலில் காவல் நின்றவர் ஓமார் என்ற மலாய்க்காரர். சோற்று வாளியைக் கம்பிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, "மாக்கான், மாக்கான்" என்று சாப்பிடச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். பாட்ரீசியா எல்லாருக்கும் பரிமாறுவாள். சாப்பிட்டதும் நாடகம். துரையம்மா, தண்டல், சாமியார், கடைசியில் ஓமார்கூட வருவார். ஓமாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன்னைத்தான் செய்கிறாள் என்று புரிந்து சிரிப்பார்.

மாலையில் ஊரடங்குக்கு முன்னால் தாய்மார்கள் வருவார்கள். இரண்டு வேலிக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும். அங்கிருந்து கத்திப் பேச வேண்டும். கத்திப் பேசும்போது ஒரு தாய் பிள்ளையிடம் என்னதான் பேச முடியும்? "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "காய்ச்சல் இருக்கா?" "இல்ல." அதற்குமேல் பேச்சு வராமல் இரு பக்கமும் நின்றுகொண்டே இருப்பார்கள். விசில் ஊதியதும் தாய்மார்கள் திரும்பி நடப்பார்கள். ஜெயா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முத்தாயி வாசலுக்குள் போய் மறைகிற வரைக்கும் "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அழுகைகூட இல்லை, வெறுமனே கூப்பிடுவாள். பிறகு வந்து பாட்ரீசியாவின் மடியில் ஏறிக்கொள்வாள்.

நாள் போகப் போகப் பிள்ளைகள் மாறினார்கள். எப்போதும் சண்டைக்கு நிற்கும் பெரியதம்பி என்ற பையன் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். சாப்பிட மட்டும் வெளியே வந்தான். பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். படுக்கையை நனைப்பது பழகிப்போனது. காலையில் பாய்களைக் கழுவிக் கம்பியில் காயப்போடுவது பாட்ரீசியாவின் வேலை. தாய்மார்கள் அந்தப் பாய்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் சுத்தமாக இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஒரு நாள் டிரெசர் கணேசமூர்த்தி மறுபடியும் தொண்டையைத் துடைக்க வந்தார். வேலிக்குள் பிள்ளைகள் போட்ட கூச்சல் அவருக்குத் தாங்கவில்லை. நடுவில் நின்று தண்டல் குரலில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாட்ரீசியா.

"ஏம்மா, நீதானே பெரியவ? உனக்குக் கொஞ்சமாச்சும் புத்தி வேணாமா?" என்றார் டிரெசர். "உன் தொண்டையில கிருமி இருக்கு. நீ பேசுனா, சிரிச்சா, ஒவ்வொரு தடவையும் அது வெளிய வருது. உனக்கு ஒன்னும் ஆகாது. பக்கத்துல இருக்கற சின்னதுங்களுக்குத்தான் ஆகும். கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருலா."

அவருக்கு அன்றைக்கு இன்னும் நாற்பது வேலை இருந்தது. சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்ரீசியா அந்த இடத்திலேயே நின்றாள். யூஜின் முதலில் படுத்ததை நினைத்தாள். அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டது அவள். மடியில் ஏறிக்கொள்ளும் ஜெயாவின் முகத்துக்கும் தன் வாய்க்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று யோசித்தாள். அன்றிலிருந்து அவள் பேசவில்லை. சாடை காட்டிப் பரிமாறினாள். ஜெயா மடிக்கு வந்தால் எழுந்து தள்ளிப் போனாள். "பத்சியாக்கா கோவமா?" என்று ஜெயா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஜெயாவுக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் லேசாகச் சுட்டது, சாயங்காலத்துக்குள் கழுத்து வீங்கிவிட்டது. டிரெசர் லாரிக்குச் சொல்லி அனுப்பினார். ஆனால் நியாலாஸ் சாலையில் அன்று ராணுவம் தேடுதல் வேட்டை நடத்திக்கொண்டிருந்தது. எந்த வண்டியும் போகக்கூடாது என்று அடைத்துவிட்டார்கள். விடிந்த பிறகுதான் லாரி வந்தது. முனுசாமியை மட்டும் கூடப் போகவிட்டார்கள். முத்தாயி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். லாரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜெயாவுக்குப் பேச்சு இல்லை. மறுநாள் உயிரும் இல்லை.

மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். பாட்ரீசியாவுக்கு ஒரு தடவை கிருமி இல்லை என்று முடிவு வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அடுத்த தடவை துடைத்ததில் மறுபடியும் இருக்கிறது என்று வந்தது. பாயை மறுபடியும் விரித்தாள். கடைசியில் அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். ஓமார் வாளியை வைத்துவிட்டு, "அடிக், சாப்பிடு" என்று தங்கையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார். தமிழில் அவர் கற்றுக்கொண்டிருந்தது அந்தச் 'சாப்பிடு' ஒன்றுதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையாகப் போட்டிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டுதான் வாளியை எடுப்பாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்துவிட்டது. முத்தாயி குடும்பம் கடைசி வீட்டுக்கு மாறிப் போயிருந்தது. சாக்குத் திரை மட்டும் அப்படியே தொங்கியது. வந்தவள் ஒரு தகரக் குவளையைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். கதவோரமாகப் படுத்தாள். யூஜின் பக்கத்தில் வந்தால் எழுந்து போனாள். அக்னஸ் முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், ஒரு நாள் அடித்தும்விட்டாள். அடி வாங்கும்போதும் அவள் இரண்டு கையும் வாய்மேல்தான் இருந்தன.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செத்த பிள்ளை இவள்மேல் இறங்கியிருக்கிறது என்றாள் ஒருத்தி. சாமியார் வந்தபோது தலையில் கை வைத்து ஜெபித்தார். அக்னஸ் சவரியப்பனுக்குத் தெரியாமல் மாரியம்மன் கோயில் திருநீற்றையும் கொண்டுவந்து பூசிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. குழாயடியில் பெண்கள், தனியே வைக்கப்பட்டுத் திரும்பிய பிள்ளைகளில் யார் வந்தாலும் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். அது போதாதென்று யூஜின் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டவர்களைக் கண்டால் கட்டிலடியில் ஒளிந்தான்.

பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து மறுபடியும் திறந்தார்கள். உள்ளே அடைபட்டிருந்த பிள்ளைகளில் ஆறு பேர் வாசற்படியைத் தாண்ட மாட்டோம் என்றார்கள். வாத்தியார் சேகரன் பிரம்பை எடுத்துப் பார்த்தார். பெரியதம்பி அடியை வாங்கிக்கொண்டு நின்றானே தவிர நகரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு வாத்தியார் கரும்பலகையை வெளியே தூக்கிவந்து மரத்தடியில் சாய்த்து வைத்தார். "உள்ள வெக்கையா இருக்கு, இங்கயே படிப்போம்" என்றார். அந்தக் கூட்டத்தில் பாட்ரீசியாவும் எல்லாருக்கும் பின்னால், தனியாக, வந்து உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் லயத்துக்குப் பின்னால் தன் குவளையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் முத்தாயி. பாட்ரீசியா எழுந்து ஓடப் பார்த்தாள்.

"உக்காரு புள்ள. நான் உன்ன வையறதுக்கு வரல."

பாட்ரீசியா உட்காரவில்லை. துணியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"லாரியில ஏத்தறப்ப என்னைக் கிட்டப் போக விடல" என்றாள் முத்தாயி. "அங்க போனப்ப அதுக்குப் பேச்சு இல்லன்னு அவரு சொன்னாரு. அப்படின்னா அந்த ராத்திரி அது கடைசியா பேசுனத கேட்ட பெரியவ நீ ஒருத்திதான். என்ன சொல்லுச்சு? ஒரு வார்த்த சொல்லுடி. உன்கிட்ட வேற ஒன்னும் கேக்கல."

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. பல நாள் பேசாத தொண்டை. கரகரவென்று, யாருடைய குரல் போலவோ இருந்தது.

"சின்னம்மா, தள்ளிப் போங்க. என் வாயில கிருமி இருக்கு."

"டிரெசர்தான் போயிருச்சுன்னு சொல்லிட்டாரே."

"போச்சு, திரும்ப வந்துச்சே. மறுபடியும் வரும். ஜெயாவுக்கு என்கிட்டருந்துதான் வந்துச்சு."

 முத்தாயி ஒரு கட்டையை இழுத்துப் போட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். அந்தப் பதினொரு புள்ளைங்க வாயிலயும் அதுதான் இருந்துச்சு. என் மவ வாயிலயே இருந்துச்சு. அது எந்த வீட்டுலருந்து எந்த வீட்டுக்குப் போச்சுன்னு நானும் எத்தனையோ நாளு கணக்குப் போட்டுப் பாத்துட்டேன் புள்ள. எனக்கு அலுத்துப் போச்சு. அது எனக்கு வேணாம். என் மவ என்ன சொன்னா?"

"துரையம்மா மாதிரி பேசுக்கான்னு கேட்டுச்சு" என்றாள் பாட்ரீசியா. "மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டுச்சு. ரெண்டு தரம் கேட்டுச்சு. நான் பேசல. டிரெசர் சொன்னாரேன்னு பேசல. செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்."

 முத்தாயி அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அடிப்பாள் என்றும் எதிர்பார்த்தாள். முத்தாயி கேட்டது வேறு.

"துரையம்மா மாதிரின்னா எப்படி? வூட்டுல திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பா சிரிக்கும், நான் அடுப்படியில இருப்பேன். நான் ஒரு தடவகூடச் சரியா கேட்டதில்ல. பேசிக் காட்டு."

"மாட்டேன் சின்னம்மா."

"எனக்காகப் பேசு. துணிய எடுத்துட்டுப் பேசு."

 கடைசியில் பாட்ரீசியா துணியை இறக்கினாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை வந்தது: "ஏய் குட்டி, நாய் சாப்ட்டாச்? நீ சாப்ட்டாச்?"

முத்தாயி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாக மாறியது. அழுதுகொண்டே, "இன்னொரு தரம்" என்றாள். பாட்ரீசியா இன்னொரு தரம் சொன்னாள். முத்தாயி போதும் என்று கை காட்டுகிற வரைக்கும் சொன்னாள். அக்னஸ் சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்னஸ் கோப்பி கலக்கப் போனாள்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. பாட்ரீசியா தேவைக்கு மட்டும் பேசினாள். சோறு வேண்டும், தண்ணீர் இருக்கிறது, இந்த அளவில்தான் பல மாதம் போனது. தகரக் குவளையை விடுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. யூஜினோடு ஒரே தட்டில் அவள் அதற்குப் பிறகு சாப்பிடவே இல்லை. முத்தாயிக்கு மறுபடியும் ஒரு மகள் பிறந்தபோது பிள்ளையைப் பார்க்கப் போனாள், ஆனால் வாசலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். முத்தாயியும் வற்புறுத்தவில்லை. நாடகம் திரும்பி வரவே இல்லை. லயத்துப் பெண்கள் கேட்டுப் பார்த்தார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

பதினாறு வயதில் அப்பாவோடு மரம் வெட்டப் போனாள். இருபதில் சூசை என்ற லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு பத்து பெரண்டாம் என்ற ஊருக்கு வந்தாள். வேலி இல்லாத இடம், ராத்திரியும் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. மகள் பிறந்தாள். ஊரே குழந்தையைக் கொஞ்சியது. பாட்ரீசியா அதன் பாதத்தில் மட்டும் முத்தம் கொடுப்பாள். "என்னா இது, பிள்ளைக்கு மூஞ்சி இல்லையா?" என்று சூசை கேலி செய்வான். அவனிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் கேலி செய்வதை விட்டுவிட்டான்.

அவசரகாலம் முடிந்தது என்று அறிவித்த வருஷம், பக்கத்து வீட்டுக் கோமளாவின் மகனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. நாலு வயது. ஆஸ்பத்திரியில் தனி வார்டில் போட்டார்கள். தாய் ஜன்னல் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். கோமளா அழுதுகொண்டே பஸ் ஏறி வந்து படுத்துவிட்டாள். மறுநாள் பாட்ரீசியா கூடப் போனாள். எந்த ஜன்னல் என்று கேட்டு, அதன் கீழே புல்லில் போய் நின்றாள். மேலே கண்ணாடி பாதி திறந்திருந்தது.

"தம்பி! ஒங்கம்மா இங்கதான் இருக்கு. நானும் இருக்கேன். கேக்குதா?"

பதில் வரவில்லை. அவள் நிறுத்தவில்லை. கோழி முட்டை போட்டது, பசாரில் மீன் வாங்கியது, சூசை லாரியைச் சேற்றில் இறக்கியது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உரக்கச் சொன்னாள். தாதி ஒருத்தி தலையை நீட்டி, "ஓய், இது ஆஸ்பத்திரிலா! சந்தை இல்ல!" என்று சத்தம் போட்டாள். பாட்ரீசியா கொஞ்சம் தள்ளி நின்று, குரலை இன்னும் உயர்த்திப் பேசினாள். தாதிக்கு அலுத்துவிட்டது. பையன் தேறி வீட்டுக்கு வருகிற வரைக்கும் இருவரும் தினமும் போனார்கள். கோமளாவுக்குப் பேச வராதபோது பாட்ரீசியா பேசினாள்.

அந்தப் பையனுக்கு அதெல்லாம் நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள் என்று மட்டும் பெரியவனான பிறகு சொல்வான்.

அவ்வளவு பேசியதில் பாட்ரீசியாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழைய கிருமி திரும்பிவிட்டதோ என்று பயந்தாள். டிஸ்பென்சரிக்குப் போய் வாயைத் திறந்து காட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு, கத்தியதால் வந்த புண்தான், ஒன்றுமில்லை என்றார். தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனாலும் குரல் தெளிகிற வரைக்கும் மகளைச் சூசை பக்கத்தில்தான் படுக்கவைத்தாள்.